இரண்டாம் தடவைக்கான படிவம்

அந்த அலுவலகத்துக்கு மூன்று வரி நீளத்தில் அரசாங்கம் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஒரே மூச்சில் அதைச் சொல்லப் பார்த்து நடுவில் திணறியவர்கள், திரும்ப முதலிலிருந்து சொல்லப் பயந்துகொண்டு பாதியிலேயே விட்டுவிட்டார்கள். அதனால் எல்லோருக்கும் அது ரீட்ரை ஆபீஸ்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். விதி அப்படி. எந்தக் காரியத்தையும் யார் வேண்டுமானாலும் ஒரு தடவை செய்து பார்க்கலாம், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. செய்தது சரியாக வரவில்லை என்றால், அதையே இரண்டாம் தடவை செய்ய இந்த அலுவலகம் அனுமதி கொடுக்க வேண்டும். முதலில் பரீட்சைகளுக்கு மட்டும்தான் இந்த விதி இருந்தது. பிறகு பத்திரப் பதிவுக்கு வந்தது, வாகனச் சோதனைக்கு வந்தது. அதற்கப்புறம் எதற்கெல்லாம் வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சரியாகத் தெரியாத விதிக்குத்தான் ஜனங்கள் ஒழுங்காகக் கட்டுப்படுகிறார்கள் என்பதை அலுவலகம் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது.

கீழ்த்தளத்தில் நுழைந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். நீல எழுத்தில் இப்படி இருந்தது:

ரீட்ரை — ஆங்கிலச் சொல்.
பொருள் ஒன்று: தோற்றுப்போன ஒன்றை உரிய அனுமதியுடன் மீண்டும் செய்தல்.
பொருள் இரண்டு: மேற்படி அனுமதிக்காகக் காத்திருத்தல்.
சரியான பயன்பாடு: "ஐயா, நான் ரீட்ரை செய்யத் தங்கள் அனுமதியைக் கோருகிறேன்."
தவறான பயன்பாடு: "இன்னொரு தடவை பார்த்துடலாமே."
குறிப்பு: மூன்றாம் தடவைக்குச் சொல் கிடையாது. ஆகவே மூன்றாம் தடவையும் கிடையாது.

இந்தப் பலகைக்கு எதிரே இருந்த பெஞ்சில் நாற்பத்து நாலு நாள் உட்கார்ந்து எழுந்தவர் ஒரு வேன் டிரைவர். பள்ளிக்கூட வேன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் விட்டு, கொண்டுவந்து சேர்த்தவர். சிவப்பு விளக்கு கெட்டுப்போய் எரிந்தால்கூட அது அணைகிற வரைக்கும் நின்று போகிற ஆள். லைசென்ஸைப் புதுப்பிக்கிற சோதனையில் அவர் தோற்றுவிட்டார்.

தோற்றது அவர் இல்லை, பேனா. வண்டியை வளைத்து நெளித்து ஓட்டிக் காட்டிவிட்டு இறங்கி நின்றார். சோதனை அதிகாரி திருப்தியோடு தலையாட்டி, தாளில் தேர்ச்சி என்ற கட்டத்தில் டிக் போடப் போனார். பேனா எழுதவில்லை. அதே கட்டத்தில் மறுபடி போட்டால் அது ரீட்ரை ஆகிவிடும். அதிகாரிக்குப் பென்ஷனுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. தோல்வி என்ற கட்டத்தில் இதுவரை யாரும் எதுவும் போடாததால் அங்கே போடுவதற்கு அனுமதி தேவைப்படவில்லை. அங்கே பேனா நன்றாக எழுதியது.

"தப்பா எடுத்துக்காதே தம்பி. நீ அருமையா ஓட்டினே. பேனா ஓடல, நான் என்ன பண்ணட்டும்?" என்று முதுகில் தட்டி அனுப்பினார். நல்ல மனுஷன்.

தோற்ற நாளிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் ரீட்ரை அனுமதி வாங்காவிட்டால் தோல்வி நிரந்தரமாகிவிடும். பிறகு சாகிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. இன்று நாற்பத்தைந்தாம் நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள். நாளைக் காலையில் காகிதத்தைக் காட்டாவிட்டால் வேனுக்கு வேறு ஆள் போட்டுவிடுவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். டிரைவருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அதனால் அன்றைக்கு மனைவியும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்தாள். நாற்காலியில் நடுங்கிக்கொண்டு உட்காருகிறவர்களை "வாயத் திறங்க, ஒண்ணும் ஆகாது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று அதட்டி வாயைத் திறக்க வைப்பது அவள் வேலை. பயந்தவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பயமே விட்டுப்போயிருந்தது. எதிர்த்துப் பேசத் தெரியாத புருஷனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

பதினொன்றரை மணிக்கு ஆறாவது மாடிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கிளட்ச் மிதித்து மிதித்து டிரைவருக்கு இடது முழங்கால் போய்விட்டிருந்தது. அவர் லிஃப்டில் ஏறினார். லிஃப்டின் முனகலைக் கேட்டுவிட்டு, "நான் படியில வந்துடறேன். நீங்க இதுல வாங்க, யாரு முதல்ல போறாங்கன்னு பார்ப்போம்" என்றாள் மனைவி.

அவள்தான் முதலில் போனாள். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றது. கதவுக்கு மேலே இருந்த சின்னத் திரையில் சிவப்பாக ஒரு சொல் வந்தது. டிரைவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஆனால் அந்த ஒரு சொல்லை நாற்பத்து நாலு நாள் பார்த்திருக்கிறார். ரீட்ரை. அதற்குக் கீழே ஒரு வட்டப் பொத்தான் மினுக்கி மினுக்கி எரிந்தது.

அவர் அதைத் தொடவில்லை. மணிப் பொத்தானை அழுத்தினார். சல்லடை போட்ட ஓட்டையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம். சொல்லுங்க."

"அம்மா, நான் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

"எத்தனாவது தடவை சார்?"

"முதல் தடவைம்மா."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. தாராளமா இருங்க."

"இல்லம்மா, திரையில ரீட்ரைன்னு வருது. பொத்தான் மினுக்குது. அமுக்கட்டுமா?"

 அந்தக் குரல், மாடி விளிம்பில் நிற்கிற குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னது: "சார், கைய எடுங்க."

"நான் இன்னும் வைக்கவே இல்லம்மா."

"வைக்காதீங்க. ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கங்க. கண்காணிப்பாளர்கிட்ட சொல்றேன்."

டிரைவர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். 

ஆறாவது மாடித் தரைக்கும் லிஃப்டின் கூரைக்கும் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதில் முதலில் மனைவியின் செருப்பு தெரிந்தது. அப்புறம் அவள் குனிந்து, தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு கண் தெரிந்தது.

"ஏங்க, என்னாச்சு?"

"நின்னுடுச்சு."

"அது தெரியுது. உள்ள பொத்தான் எதுவும் இல்லையா?"

"இருக்கு. அமுக்கக் கூடாதாம்."

"அமுக்கக் கூடாதுன்னா எதுக்கு வச்சிருக்காங்களாம், அழகுக்கா? அமுக்குங்க!"

"கத்தாதடி. கேட்டுடப் போறாங்க."

லிஃப்ட் மெக்கானிக் வந்தார். அலுவலகத்திலேயே இருக்கிற ஆள். தோள்பையிலிருந்து ஒரு முக்கோணச் சாவியை எடுத்துக் கதவில் சொருகி, "ரெண்டு நிமிஷம் அண்ணே, திறந்துடலாம்" என்று சொல்லித் திருப்பினார். சாவி வழுக்கியது. அவர் அதைச் சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்பச் சொருகப் போனபோது, தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நிறுத்துய்யா!"

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு முதல் முயற்சி தோற்றதாகக் குறித்துக்கொண்டார். மெக்கானிக்கிடமிருந்து சாவியை வாங்கி ஒரு கவரில் போட்டு ஒட்டினார். மெக்கானிக் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். எட்டு வருஷமாக அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், எப்போது உட்கார வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே வெக்கை. மின்விசிறி நின்றுபோயிருந்தது. "நாக்கு ஒட்டுதுடி" என்றார் டிரைவர். மனைவி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, இடைவெளியில் படுக்கவைத்துத் தள்ளினாள். பாட்டில் கொஞ்சம் பருமன். நசுக்கித் தள்ளினாள். அது உள்ளே வராமல், லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நழுவிவிட்டது. விழுந்த சத்தம் ரொம்ப நேரம் கழித்து, ரொம்பக் கீழேயிருந்து கேட்டது.

டிரைவர் அந்த நேரம் வரைக்கும், தான் ஒரு சின்ன அறைக்குள் நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.  கம்பியைப் பிடித்துக்கொள்ளக் கையை எடுத்தார். அனுமதி இருக்குமா என்று சந்தேகம் வந்து, திரும்பப் பாக்கெட்டுக்குள்ளேயே விட்டுக்கொண்டார்.

மனைவி இன்னொரு பாட்டிலுக்கு ஆள் தேடினாள். கண்காணிப்பாளர் தடுத்துவிட்டார். "ஒரு தடவை கொடுத்துப் பார்த்தீங்கல்ல? அது கீழ போயிடுச்சு. அவ்வளவுதான்மா. நான் ஈவிரக்கம் இல்லாத ஆள்னு நினைக்காதீங்க. எனக்கும் தாகம் எடுக்கும்."

"உங்களுக்குத் தாகம் எடுத்தா ஒரு வாய்தான் குடிப்பீங்களா?"

"ஒரு டம்ளரை ஒரே முயற்சியாத்தான் எடுத்துப்பேன். நடுவுல கீழ வைக்க மாட்டேன்" என்றார் அவர். பெருமையாகவே சொன்னார்.

மதியம் ஒரு மணிக்கு நாற்காலிகள் வந்தன. லிஃப்ட் வாசலிலேயே கூட்டம் நடந்தது. இந்த ரீட்ரை யாருடையது என்பதுதான் விவாதம். லிஃப்டுடையது என்றால் லிஃப்ட்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மெக்கானிக்குடையது என்றால் முதல் முயற்சி ஏன் தோற்றது என்று அவர் முப்பது நாளுக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும். "சாவி வழுக்கிடுச்சு, இதான் விளக்கம்" என்றார் மெக்கானிக். முப்பது நாள் கொடுத்திருக்கும்போது ஏன் அவசரப்படுகிறாய் என்று அவரை அடக்கிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது டிரைவர். கண்காணிப்பாளர் முட்டி போட்டு, இடைவெளியில் வாயை வைத்துக் கேட்டார்.

"சார், இதை உங்க பேர்ல போட்டுடலாம். ஆனா ஒரு சிக்கல். ஒரு ஆளுக்கு ஒரு சமயத்துல ஒரு ரீட்ரைதான். வேன் ஓட்டறதுக்கு ஏற்கெனவே ஒண்ணு கேட்டிருக்கீங்க. எது வேணும்னு சொல்லிடுங்க. வெளிய வரணுமா, வேன் ஓட்டணுமா?"

"சார், வெளிய வராம நான் எப்படி சார் வேன் ஓட்டறது?"

"அது உங்க சொந்த விஷயம். நாங்க தலையிட மாட்டோம்."

 டிரைவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. வெளியே வந்துவிட்டு வேலை இல்லாமல் நிற்பதை நினைத்தால் ஒரு பயம். உள்ளேயே இருப்பதை நினைத்தால் வேறு பயம். இரண்டில் எது பெரியது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மனைவி கண்காணிப்பாளரின் தோளைப் பிடித்து விலக்கிவிட்டு, "அவருக்கு ரெண்டும் வேணும். எழுதிக்கங்க. ரெண்டும்!" என்று கத்தினாள். இரண்டு என்ற எண்ணை அந்த மாடியில் யாரும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. ஒரு குமாஸ்தா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

மூன்று மணிக்கு இயக்குநரே நேரில் வந்தார். மைக் வைத்தார்கள். இயக்குநர் அதை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் வரவில்லை. மறு தட்டு தட்ட முடியாது என்பதால், அணைந்த மைக்கையே கையில் பிடித்துக்கொண்டு வெறும் குரலில் பேசினார்.

"நண்பர்களே! லிஃப்டுக்குள் இருக்கும் நண்பரே! ரீட்ரை என்ற இந்தச் சிறிய ஆங்கிலச் சொல்லை நம் மக்கள் எவ்வளவு மலிவாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை எண்ணி நான் வருந்தாத நாளில்லை. நானும் இந்தத் துறைக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்று வரை எனக்கு ஒரு ரீட்ரைகூடத் தேவைப்பட்டதில்லை. காரணம் என்ன? என் பணிக்காலத்தில் நான் எதையும் முதல் தடவையே செய்ததில்லை. செய்யாதவன் தோற்பதில்லை. தோற்காதவன் கெஞ்சுவதில்லை. நீங்கள் எல்லோரும் ஏன் அப்படி இருக்கக் கூடாது?"

எல்லோரும் ஒரு தடவை கை தட்டினார்கள்.

"சிலர் என்னைக் கேட்கிறார்கள்," என்று இயக்குநர் தொடர்ந்தார், "மக்கள் பயப்படுகிறார்களே என்று. பயப்படட்டும். ஒரு பாட்டிலைத் தள்ளுவதற்கு முன்னால், ஒரு சாவியைத் திருப்புவதற்கு முன்னால், பயப்பட வேண்டாமா? பயந்தவன் தப்பு செய்ய மாட்டான். ரொம்பப் பயந்தவன் எதுவுமே செய்ய மாட்டான். அந்த இடத்துக்கு இந்த நாட்டைக் கொண்டுபோவதுதான் நம் துறையின் கனவு."

டிரைவர் முழுப் பேச்சையும் கேட்டார். அவரைப் பொறுத்தவரை அந்தக் கனவு நனைந்த சட்டையோடு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தது.

நாலு மணிக்கு லிஃப்ட் அசைந்தது. மேலே எங்கேயோ ஒரு கம்பி முறுக்கு விடுகிற சத்தம். தரை ஒரு சாண் கீழே போய் நின்றது. மூன்று விரல் இடைவெளி மறைந்துவிட்டது. மனைவியின் கண் இருந்த இடத்தில் வெறும் சிமெண்ட். விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் சிவப்புச் சொல்லும் பொத்தானும் மட்டும் எரிந்தன.

"ஏங்க! ஏங்க!" என்று அவள் கதறுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

மறுபடியும் ஒரு சாண். டிரைவர் வாய்விட்டு அலறினார். இருபத்திரண்டு வருஷம் ஒரு சிக்னலைத் தாண்டாத மனுஷன், பாக்கெட்டிலிருந்து வலது கையை உருவி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

விளக்கு வந்தது. மின்விசிறி சுற்றியது. லிஃப்ட் ஒரு முனகலும் இல்லாமல் மேலே போய், ஆறாவது மாடியில் நின்று, கதவைத் திறந்துவிட்டது.

மனைவி பாய்ந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாள் பூராவும் அதட்டிக்கொண்டிருந்தவள் அவர் நெஞ்சில் முகத்தை வைத்து விம்மினாள். மெக்கானிக் எழுந்து நின்று சிரித்தார். அவ்வளவு பேரில் சிரித்தது அவர் ஒருவர்தான்.

"இவர் யாரு?" என்றார் இயக்குநர்.

"உள்ள இருந்தவர் சார்" என்றாள் மனைவி.

"இருக்க முடியாதே" என்றார் கண்காணிப்பாளர். அவர் முகம் வெளிறியிருந்தது. கையில் இருந்த கோப்பைத் திறந்து காட்டினார். மை காயாத கையெழுத்து. "உள்ள இருக்கிறவரை வெளிய கொண்டுவர ரீட்ரை அனுமதி இப்பதான் ஆச்சு. சார் தன்னோட தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, இது லிஃப்டோட ரீட்ரைன்னு எடுத்துக்கிட்டார். நாலே மணி நேரத்துல ஒரு அனுமதி! இந்த ஆபீஸ் வரலாத்துலயே கிடையாது. இப்ப நீங்க பாட்டுக்கு வெளிய வந்து நின்னா, நாங்க யாரை வெளிய கொண்டுவர்றது?"

"அதான் வந்துட்டாரே! காகிதத்தைக் குடுங்க, நாங்க போறோம்" என்றாள் மனைவி.

காகிதம் அங்கேதான் இருந்தது. டிரைவர் பார்த்தார். அதே கோப்பில், லிஃப்ட் அனுமதிக்கு அடியில், வேன் ஓட்டுவதற்கான அவருடைய ரீட்ரை அனுமதி. கையெழுத்தும் முத்திரையும் பதித்துத் தயாராக இருந்தது. கைக்கெட்டுகிற தூரம்.

"வெளிய கொண்டுவரப்பட்ட நபரிடம் ஒப்படைக்கவும்னு எழுதியிருக்கு" என்று கண்காணிப்பாளர் விரல் வைத்துப் படித்தார். "நீங்க கொண்டுவரப்படலையே. நீங்களா வந்தீங்க. அதுவும் அனுமதி இல்லாம பொத்தானை அமுக்கி. அதுக்குத் தனியா ஒரு வழக்கு இருக்கு, அதை நான் சொல்ல வேண்டாம்னு பார்த்தேன்."

 இயக்குநர் டிரைவரின் தோளில் கை போட்டார். அப்பா மாதிரி பேசினார்.

"பயப்படாதீங்க. ரெண்டே நிமிஷம். உள்ள போய் நில்லுங்க. நீங்க வந்ததை நாங்க பார்க்கலை. மெக்கானிக் முறைப்படி சாவியைத் திருப்புவார், கதவு திறக்கும், நீங்க வெளிய வருவீங்க. காகிதத்தை நானே என் கையால குடுக்கறேன். வழக்கும் கிடையாது. மணி நாலு இருபதுதான் ஆகுது. அஞ்சுக்குள்ள வீட்டுக்குக் கிளம்பிடலாம்."

"போகாதீங்க" என்றாள் மனைவி. "வேன் போனா போகட்டும். வேற வேலை பார்த்துக்கலாம்."

"வேற எனக்கு என்னடி தெரியும்?" என்றார் அவர். "ரெண்டு நிமிஷம்தானே. நீதான் சொல்லுவியே, எறும்பு கடிச்ச மாதிரின்னு."

"நான் சொல்றது பொய்ங்க" என்று அவள் சொன்னாள். "எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும்."

அவர் உள்ளே போனார்.  கோப்பில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் என்று இருந்ததால் லிஃப்டை அதே இடத்துக்கு இறக்கி நிறுத்தினார்கள். மூன்று விரல் இடைவெளியை ஒரு குமாஸ்தா அளவுகோல் வைத்துச் சரிபார்த்தார். கண்காணிப்பாளர் கவரைப் பிரித்துச் சாவியை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார். இயக்குநர் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, புகைப்படம் எடுக்க வசதியாகத் திரும்பி நின்றார்.

மெக்கானிக்கின் கை வேர்த்திருந்தது. துடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். துடைக்கலாம், ஒரு தடவை என்றார்கள். துடைத்துக்கொண்டு சாவியைச் சொருகித் திருப்பினார்.

உள்ளே ஏதோ முறிந்தது. லிஃப்ட் ஒரு சாண் இறங்கவில்லை, ஓர் ஆள் உயரம் இறங்கியது. நின்றது. விளக்கு போயிற்று. டிரைவர் தரையில் விழுந்துகிடந்தபடியே அண்ணாந்து பார்த்தார். இந்தத் தடவை திரையில் எந்தச் சொல்லும் இல்லை. பொத்தானும் எரியவில்லை.

மேலே நாற்காலிகள் நகர்த்தும் சத்தம் கேட்டது. நாலு முப்பத்தொன்பதுக்கு ரீட்ரை தோல்வி என்று கண்காணிப்பாளர் யாருக்கோ எழுதச் சொல்வது கேட்டது. கூட்டம் முடிந்தது என்று இயக்குநர் சொல்வது கேட்டது. ஒவ்வொருவராகக் காலடிகள் விலகிப் போயின.

அப்புறம் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க! இருக்கீங்களா?"

இருக்கேன் என்று சொல்ல டிரைவர் வாயைத் திறந்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.  வெறும் காற்றுதான் வந்தது. பரவாயில்லை, அவள் விட மாட்டாள், அடுத்த தடவை கேட்கும்போது சொல்லிவிடலாம் என்று எச்சிலைக் கூட்டி விழுங்கித் தயாராக இருந்தார்.

அவள் கேட்கப் போனாள். "ஏங்..." என்று தொடங்கியதுகூட அவருக்குக் கேட்டது.

"அம்மா," என்றது கண்காணிப்பாளரின் குரல். "ஒரு தடவை கேட்டுட்டீங்க. பதில் வரலை. இனிமே கேட்டா அது ரீட்ரை. பார்த்தீங்கல்ல, அனுமதி இல்லாம பொத்தானை அமுக்கினதுல எவ்வளவு தூரம் வந்துடுச்சுன்னு. நீங்க வேற ஏதாவது பண்ணி அவருக்கு இன்னும் எதையாவது இழுத்து விட்டுடாதீங்க."

அவள் கத்தப்போகிறாள் என்று டிரைவர் காத்திருந்தார். அவர் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணை அவருக்குத் தெரியும். கண்காணிப்பாளரின் சட்டையைப் பிடித்து உலுக்குவாள், அந்த ஆறு மாடியும் இடிகிற மாதிரி நூறு தடவை கூப்பிடுவாள்.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் பேசினாள். அந்தக் குரலை அவர் முன்னே பின்னே கேட்டதில்லை. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார வருகிறவர்களின் குரல் அது.

"படிவம் எந்த மாடியிலங்க குடுக்கறாங்க?"

"ரெண்டாவது மாடி. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க, சீக்கிரம் போங்க."

அவள் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கியது. லிஃப்டின் சுவருக்கு அந்தப் பக்கம், அவரைத் தாண்டி, கீழே கீழே போயிற்று. அப்போதுதான் டிரைவருக்குத் தொண்டை திறந்து குரல் வந்தது. கூப்பிட்டால் அவளுக்குக் கேட்டிருக்கும். ஏற்கெனவே ஒரு தடவை முயன்று பார்த்தாகிவிட்டதே என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.